காரண எண் பதினொன்று

போன வாரம் சுபர்ணா போன் செய்தாள். கல்கத்தாவில் டாலிகஞ்ச் பக்கத்துக் கல்வி அலுவலகம் ஒன்றில் நான் விட்டுவந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான். நல்ல பெண். என்னை 'லக்ஷ்மிதி' என்பாள், லக்ஷ்மி அக்கா. ஒரே குறை, என்னிடம் யோசனை கேட்பாள். கேட்டுவிட்டு அதன்படி செய்தும் தொலைப்பாள்.

"லக்ஷ்மிதி, இந்தப் புது ஆப்புல 'பிற காரணம்'னு தட்டினா அடுத்த பக்கமே திறக்கமாட்டேங்குது. பட்டியல்ல இருக்கிற ஏதாவது ஒண்ணைத் தொட்டாத்தான் விடுது. உங்க காலத்துல எந்தக் காரணத்தை அதிகமா எழுதுவீங்க?"

"பதினொன்று," என்றேன்.

அவள் சிரித்தாள். அந்த அலுவலகத்தில் ஒரு வருடம் இருந்த எவருக்கும் பதினொன்று தெரியும். ஆறு முதல் பதினான்கு வயதுக்குள் பள்ளிக்குப் போகாத குழந்தைகளைத் தேடிப் பிடித்து, ஏன் போகவில்லை என்று கேட்டு, எப்படியாவது ஒரு பள்ளியில் கொண்டுபோய் உட்கார வைப்பது எங்கள் வேலை. அதற்கு ஒரு படிவம் உண்டு. படிவத்தில் காரணங்கள் எண் போட்டு அச்சடித்திருக்கும். வேறு எந்த எண்ணை எழுதினாலும் அதன் பின்னால் நாம் ஓட வேண்டும். பிறப்புச் சான்றிதழ் இல்லையென்றால் மாநகராட்சிக்கு, கண் தெரியவில்லையென்றால் ஆஸ்பத்திரிக்கு. பதினொன்றுக்கு மட்டும் ஓட்டம் கிடையாது. பதினொன்று என்பது 'குழந்தைக்குப் படிப்பில் ஆர்வமில்லை'. ஆர்வமில்லாத குழந்தையை அரசாங்கம் என்ன செய்ய முடியும்? கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

சுபர்ணா சிரித்தபோது நான் சிரிக்கவில்லை. என் கையெழுத்தில் ஒரு பதினொன்று இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

என் அப்பா கும்பகோணம் பக்கத்திலிருந்து மூன்று வருட மாற்றலில் கல்கத்தா துறைமுகத்துக்கு வந்தவர். மூன்று வருடம் முடியவே இல்லை. லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் வாடகை வீட்டில்தான் நான் பிறந்து வளர்ந்தேன். பெங்காலியைப் பள்ளியில் படித்தேன். தமிழை அம்மா வாங்கும் வாரப் பத்திரிகைகளில் படித்தேன். அதில் எனக்கு யாரும் பரீட்சை வைத்ததில்லை. இந்த வேலைக்கு எழுத்துத் தேர்வு எழுதி வந்தேன். கேட்டவர்கள் எல்லாரும் 'டீச்சரா?' என்பார்கள். இல்லை என்றால் முகம் கொஞ்சம் வாடும்.

பயிற்சி மூன்று நாள். முதல் நாள் எங்களுக்குக் கொடுத்த படிவம் எங்கேயோ உலகம் முழுவதற்குமாகத் தயாரித்தது. உலகத்தில் ஒரு குழந்தையைப் பள்ளிக்கு விடாமல் தடுக்கக்கூடிய எல்லாமே அதில் இருந்தன. ஆடுமாடு மேய்த்தல் இருந்தது. ஆயுத மோதல் இருந்தது. பாலைவனத்தில் இடம்பெயர்தல்கூட இருந்தது. டாலிகஞ்சில் இதெல்லாம் எங்கே என்று நாங்கள் சிரித்தோம். முதல் மாதமே மாட்டுத்தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்த ஒரு பையனைக் கண்டுபிடித்தேன். என்னோடு சேர்ந்த இன்னொரு பெண், ஒரு குழந்தை பள்ளிக்குப் போகாததற்குக் காரணமாக 'ஆயுத மோதல்' என்று எழுதினாள். விசாரித்தால், குழந்தையின் அம்மாவுக்கும் பள்ளி வாட்ச்மேனுக்கும் சண்டை. வாட்ச்மேன் கையில் தடி இருந்ததாம்.

அந்தப் படிவத்தைக் கையில் வாங்கிப் படித்துவிட்டு, சிரிக்காமல் திருப்பிக் கொடுத்தவர் எங்கள் மேலதிகாரி ஹால்தார் சார்.

ஒல்லியான மனிதர். எந்தப் பருவத்திலும் குடை. நாலு மணிக்குக் கடுகெண்ணெய் பிசைந்த பொரி. எல்லாரையும் 'நீங்கள்' என்பார். டீ கொண்டுவருகிறவரையும், ஐந்து வயதுக் குழந்தையையும். ஐந்து வயதுக் குழந்தையிடம் "உங்கள் பெயர் என்ன?" என்று அவர் கேட்டால், குழந்தை திரும்பிப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்க்கும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. தப்பான இடத்தில் பென்சிலால் இரண்டு கோடு போடுவார். பிறகு படிவத்தை நம் மேஜையில் வைத்துவிட்டு, நாம் அதைப் பார்க்கிறவரை குடையோடு அங்கேயே நிற்பார். அதற்கு இரண்டு திட்டுத் திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

ஒவ்வொரு படிவத்துக்கும் அவர் ஒரே கேள்விதான் கேட்பார். "தேகேச்சேன்?" பார்த்தீர்களா? குழந்தையைக் கண்ணால் பார்க்காமல் படிவம் எழுதக்கூடாது என்பது அவருடைய சட்டம். பார்த்தோம் என்பதற்கு அடையாளமாக, படிவத்தின் பின்பக்கம், அச்சில் இல்லாத ஒரு வரியை நாங்கள் கையால் எழுத வேண்டும்: 'பார்த்த நேரத்தில் குழந்தை என்ன செய்துகொண்டிருந்தது?' மேலிடத்தில் யாரும் கேட்காத வரி. அதை யாரும் படிக்கப் போவதுமில்லை. எங்களுக்கு அது எரிச்சலாக இருந்தது. 'தூங்கிக்கொண்டிருந்தது' என்று தொடர்ந்து மூன்று படிவத்தில் எழுதிய ஒருவரை அழைத்து, "தூங்குகிற நேரத்தில் ஏன் போகிறீர்கள்?" என்று கேட்டார்.

ஆனால் அந்த வரி வேலை செய்தது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு குடியிருப்பில் நாலு பெண் குழந்தைகளுக்கு நான் 'வீட்டு வேலை' என்று எழுதி, பின்பக்கம் நாலுக்கும் 'குழாயடியில் நின்றுகொண்டிருந்தாள்' என்று எழுதியிருந்தேன். அவர் நாலையும் மேஜையில் வரிசையாகப் பரப்பினார். தெருக்குழாயில் தண்ணீர் வருகிற நேரமும் பள்ளிக்கூட கேட் பூட்டுகிற நேரமும் ஒன்று. கேட்டை அரை மணி தள்ளிப் பூட்டச் சொல்லி ஒரு கடிதம் போனது. நாலு பேரும் பள்ளிக்குப் போனார்கள். கடிதம் எழுத ஆன நேரம் பத்து நிமிடம் இருக்கும்.

இப்படி எத்தனையோ. எல்லாவற்றையும் எழுதினால் பெருமை பேசுவது போலாகிவிடும். பெருமைக்கு இடமில்லாத ஒன்றுக்கு வருகிறேன்.

ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்பு. டாலிகஞ்சில் கால்வாய் ஓரமாக ஒரு வரிசை வீடுகள், தகரமும் தார்ப்பாயும். அங்கே புதிதாக ஒரு குடும்பம் வந்திருப்பதாகச் சொன்னார்கள். திங்கட்கிழமை மத்தியானம் போனேன். அம்மாக்காரி தரையில் அரிவாள்மணை போட்டுப் பூசணி நறுக்கிக்கொண்டிருந்தாள். ஜாதவ்பூரில் இரண்டு வீட்டில் சமையல் வேலை. கட்டில்மேல் ஒரு பெண், பதினோரு வயது இருக்கும், மடியில் ஒரு துணிப்பையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெயர் டும்பா. பள்ளியில் எழுதும் பெயர் அபர்ணா.

அம்மாவிடம் பெங்காலியில் கேட்டேன்.

"இத்தனை நாள் எங்கே இருந்தீங்க?"

"வெளியூர்ல."

படிவத்தில் ஊருக்கு இடமில்லை. மேலே போனேன்.

"பொண்ணு ஸ்கூல் போகுதா?"

"போச்சு. ரெண்டு நாள். அப்புறம் மாட்டேன்னுடுச்சு."

"ஏன், படிக்கப் பிடிக்கலையா?"

அவளுக்குக் கையில் வேலை, அடுப்பில் வேலை, எதிரே நான் வேறு. "அப்படித்தான் வெச்சுக்கங்களேன்," என்றாள்.

அப்படித்தான் வைத்துக்கொண்டேன். பதினொன்று. எழுதப் படிக்கத் தெரியுமா என்றதற்கு, "தெரியாதுன்னு ஸ்கூல்ல சொல்லிட்டாங்க" என்றாள். தெரியாது என்று எழுதினேன். குழந்தையைக் கண்ணால் பார்த்தாயிற்று; விதி மீறவில்லை. பின்பக்க வரியில் 'மடியில் பையை விரித்து, அதன்மேல் விரலை ஓட்டி விளையாடிக்கொண்டிருந்தாள்' என்று எழுதிவிட்டு எழுந்தேன். மொத்தம் ஏழு நிமிடம் ஆகியிருக்கும். அன்று இன்னும் ஒன்பது வீடு பாக்கி இருந்தது என்று சொல்லிக்கொள்கிறேன்; உண்மைதான், ஆனால் அது காரணமில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஹால்தார் சார் என் மேஜைப் பக்கத்தில் குடையோடு நின்றார். படிவத்தில் பதினொன்றுக்குக் கீழே இரண்டு கோடு. 

"பார்த்தேன் சார்," என்றேன், அவர் கேட்பதற்கு முன்பே.

அவர் படிவத்தைத் திருப்பினார். "விரல் எப்படி ஓடியது?"

மேஜைமேல் என் விரலால் ஓட்டிக் காட்டினேன். இடமிருந்து வலம்.

"அந்த ஓரத்துக்குப் போனதும்?"

"திரும்ப இந்தப் பக்கம் வந்து, கொஞ்சம் கீழே..." என்று சொல்லி, என் விரல் நின்றுவிட்டது.

"விளையாடுகிற விரல் அடுத்த வரிக்கு வராது லக்ஷ்மி," என்றார். போய்விட்டார். 

அந்த வெயிலிலேயே மறுபடி போனேன். டும்பா வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பை கட்டிலில் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். மஞ்சள் பை. நம் ஊர் மஞ்சள் பை. திருப்பூரில் ஏதோ ஒரு ஜவுளிக்கடை. 'முகூர்த்தப் பட்டுப் புடவைகள், ரெடிமேட் ஆடைகள், பழைய பேருந்து நிலையம் எதிரில்' என்று ஐந்து வரி, சிவப்பு எழுத்தில், தமிழில்.

முந்தின நாள் அந்தப் பை எனக்குத் தலைகீழாக, ஐந்தடி தூரத்தில் இருந்தது. தமிழ் எழுத்தை ஐந்தடியில் அடையாளம் தெரியாத ஆளில்லை நான். ஆனால் கால்வாய் ஓரத்தில், மண்டல் என்ற பெங்காலிக் குடும்பத்தின் பெண் மடியில், எனக்கு அது எழுத்தாகவே படவில்லை.

"இது உனக்குப் படிக்கத் தெரியுமா?" என்று தமிழில் கேட்டேன்.

அந்தப் பெண் பாத்திரத்தைப் போட்டுவிட்டு எழுந்தாள். பாவாடையில் கையைத் துடைத்தாள். கைகட்டி, நிமிர்ந்து நின்று, வகுப்பே சேர்ந்து இழுக்கிற அந்த ராகத்தில், தனியாக, "வணக்கம் மிஸ்" என்றாள்.

உள்ளே அரிவாள்மணைச் சத்தம் நின்றது.

"தெரியுமுங்க மிஸ். பை பூராவும் எனக்கு மனப்பாடமே ஆயிருச்சுங்க. வேற படிக்கறதுக்கு இங்க ஒண்ணுமில்லீங்க."

நாலு வருடம் திருப்பூரில். அப்பா அங்கே பனியன் கம்பெனியில் டெய்லர். டும்பா அங்கே அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு முதல் தமிழில் படித்து, நாலு முடித்து, ஐந்தாம் வகுப்புக்குப் புது நோட்டு வாங்கிய சமயத்தில் கம்பெனி மூடிவிட்டது. அப்பா வேறு ஊருக்கு வேலை தேடிப் போக, அம்மா பிள்ளையோடு கல்கத்தா திரும்பினாள். பெங்காலி டும்பாவுக்குப் பேச மட்டும் தெரியும். ஓர் எழுத்து தெரியாது. பக்கத்துப் பள்ளியில் எழுதச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்தார்கள்.

"குட்டிப் பிள்ளைங்க பெஞ்சுங்க மிஸ். முட்டி இடிக்குதுங்க. ஒரு பையன் என்னைய மாஷின்னு கூப்பிட்டானுங்க." மாஷி என்றால் சித்தி, பெரியம்மா. "மத்தியானம் டீச்சர் என்னையத்தான் எல்லாத்துக்கும் சோறு போடச் சொன்னாங்க. நான் போட்டேனுங்க. மறுநாளும் சொன்னாங்க. அப்புறம் நான் போகலீங்க."

அவளுடைய தமிழ் என் தமிழைவிட நன்றாக இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது, அதற்காக இல்லை.

அம்மாக்காரி வெளியே வந்தாள். தன் பெண் ஓர் அதிகாரியோடு தன்னைவிட நன்றாகத் தமிழ் பேசுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள். சனிக்கிழமை அவளுடைய நாத்தனார் வருகிறாள். சால்ட் லேக்கில் ஒரு வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வேண்டுமாம். அங்கேயே தங்கல்.

"அஞ்சாங்கிளாஸ்னா சொல்லுங்க, இங்கேயே வெச்சுக்கறேன். ஒண்ணாங்கிளாஸ்ல குந்திக்கிட்டு அடுத்தவங்க பிள்ளைக்குச் சோறு போடறதுக்கு, அந்த வீட்டுலயே போடட்டும். அவளுக்கும் நேரத்துக்கு ஒரு வாய் கிடைக்கும்."

அவள் கணக்கு சரியாகத்தான் இருந்தது. சனிக்கிழமைக்கு நாலு நாள்.

புதன்கிழமை அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியையிடம் போனேன். இங்கே தலைமை ஆசிரியையைப் 'பொர்தி' என்பார்கள், பெரிய அக்கா. கண்டிப்பானவர், கெட்டவர் இல்லை. பள்ளியின் கழிவறைச் சாவியைப் பூட்டி வைக்காமல் ஆணியில் தொங்கவிட்ட ஒரே தலைமை ஆசிரியை அந்த வட்டாரத்தில் அவர்தான்.

"எழுத்து தெரியாத பிள்ளையை அஞ்சுல உட்கார வெச்சா, வருஷக் கடைசியில நான் யாருக்குப் பதில் சொல்றது?"

"எழுத்து தெரியும் பொர்தி. தமிழ் எழுத்து."

"அப்படியா? எங்க ஸ்கூல்ல அந்த எழுத்து இல்லையே."

இருந்தாலும் பெயரைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். ஆதார் எண்ணைத் தட்டியதும் திரையில் பதில் வந்தது. அவர் திரையை என் பக்கம் திருப்பினார். அபர்ணா மண்டல், ஐந்தாம் வகுப்பு, தமிழ்நாடு, தற்போது படித்துக்கொண்டிருக்கிறார்.

"பாருங்க, படிச்சுக்கிட்டுத்தானே இருக்கா," என்றார் பொர்தி. கிண்டலாகச் சொல்லவில்லை. அங்கே பெயரை விடுவிக்காமல் இங்கே ஏற்ற முடியாது. டும்பா பள்ளிக்குப் போக முடியாததற்குக் காரணம், அவள் பள்ளிக்குப் போய்க்கொண்டிருப்பது. எங்கள் படிவத்தில் ஆயுத மோதல் இருந்தது, பாலைவனம் இருந்தது, இது இல்லை.

வியாழக்கிழமை காலை திருப்பூர் பள்ளிக்குப் போன் போட்டேன். தலைமை ஆசிரியையே எடுத்தார். டும்பா பெயரைச் சொன்னதும் அவர் குரல் மாறியது.

"அபர்ணாங்களா? எங்கீங்க இருக்குது அந்தப் புள்ள? அவங்கப்பன் போனக்கூட எடுக்க மாட்டேங்கறானுங்க. வாய்ப்பாடு கேட்டா மொத ஆளா எந்திரிச்சு நிப்பாளுங்க."

பெயரை விடுவிக்க வேண்டும் என்றேன். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"புள்ளைங்க தலைய எண்ணி டீச்சர் குடுக்கற நாள் வருதுங்க. இன்னும் மூணு வாரம். சரியா விளிம்புல நிக்கறோமுங்க. இவ பேரை எடுத்தேன்னா ஒரு டீச்சர் போயிருவாங்க. இருக்கற புள்ளைங்களுக்கு நான் எங்கீங்க போவேன்? மூணே வாரம் பொறுத்துக்கங்க, அன்னைக்குச் சாயந்திரமே விட்டுடறனுங்க."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் யார்மேல் என்று தேடினால் ஆள் கிடைக்கவில்லை. அங்கே இல்லாத டும்பா ஒருத்தி அங்கே இருக்கிற பிள்ளைகளுக்கு ஒரு டீச்சரைப் பிடித்து வைத்திருக்கிறாள். என் டும்பாவுக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது.

ஹால்தார் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அலமாரியிலிருந்து சட்டப் புத்தகத்தை எடுத்தார். பாதியில் நிறுத்துகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. நாலு மணிப் பொரி அப்படியே இருந்தது. ஐந்து மணிக்குத் தலை நிமிர்ந்தார்.

"முதலில் குழந்தையை உட்கார வைக்கச் சொல்கிறது. எந்தக் காகிதம் இல்லாவிட்டாலும், அதன் வயதுக்குரிய வகுப்பில். கம்ப்யூட்டர் பேச்சு இதில் இல்லை. பொர்தியிடம் கையால் எழுதும் சேர்க்கைப் பதிவேடு இருக்கிறதல்லவா?"

"இருக்கிறது சார். திருப்பூரில் பெயர் அப்படியே இருக்குமே?"

"என் வட்டம் கால்வாயோடு முடிகிறது," என்றார். கொஞ்சம் பொரியை வாயில் போட்டுக்கொண்டார். "ஆனால் பொர்தி கேட்பதும் நியாயம். அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று தெரியாமல் அவர் எங்கிருந்து ஆரம்பிப்பார்? சேர்ப்பதற்குப் பரீட்சை வைக்கக்கூடாது. என்ன தெரியும் என்று பார்க்கலாம். அவளுக்குத் தெரிந்த மொழியில் பார்க்கலாம்."

"அந்த மொழியில் யார் சார் கேள்வி எழுதுவது?"

அவர் என்னைப் பார்த்தார். அந்த மாவட்டத்தில் எங்கள் இலாகாவில் வேறு ஆள் இல்லை.

அன்று சாயங்காலம் வாழ்க்கையில் முதல்முறையாகத் தமிழில் ஒரு வினாத்தாள் எழுதினேன். பத்துக் கணக்கு. படிக்க ஒரு பத்தி. 'என்னைப் பற்றி' ஐந்து வாக்கியம். பயமாக இருந்ததால் லேக் மார்க்கெட்டில் நாங்கள் அப்பளம் வாங்குகிற கடைக்காரரிடம் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு இடத்தில் திருத்தினார். "எந்த ஆபீஸ் பரீட்சைங்க?" என்று கேட்டார். ஒரு வீட்டு வேலைக்கான ஆளைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பதற்கு என்று சொன்னால் புரிந்திருக்காது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பொர்தியின் அறை. பொர்தி, ஹால்தார் சார், நான். கதவோரம் டும்பாவின் அம்மா, வேலைக்கு நடுவில் ஓடி வந்தவள், கையில் போன். டும்பாவுக்குப் பெரியவர்கள் நாற்காலி. கால் தரையில் நன்றாக ஊன்றியிருந்தது. ஹால்தார் சார் அவளிடம், "நீங்கள் தயாரா?" என்றார். அவள் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. "ஆமாம்" என்றாள்.

கணக்கைப் பொர்தியே திருத்தினார். எண்ணுக்கு மொழி தேவையில்லை. பத்தில் ஒன்பது. தவறிய ஒன்றைப் பொர்தி இரண்டு முறை போட்டுப் பார்த்து, அவளைக் கூப்பிட்டு எங்கே தவறியது என்று காட்டினார். டும்பா "ஓ" என்றாள். பொர்தியின் முகத்தில், ஒரு நல்ல மாணவியைப் பார்க்கிற ஆசிரியைக்கு வருகிற அந்தக் களை வந்துவிட்டது. பத்தியை டும்பா நிறுத்தாமல் படித்தாள். பொர்திக்கு ஒரு சொல் புரியவில்லை. ஆனால் படிக்கிறவள் படிக்கிறாள் என்பது எந்த மொழியிலும் தெரியும்.

பிறகு ஐந்து வாக்கியம். எழுதி முடித்து, மை காய ஊதி, தாளை என்னிடம் நீட்டினாள்.

படித்தேன். மறுபடி படித்தேன்.

"என்ன எழுதியிருக்கா? சொல்லுங்க," என்றார் பொர்தி. "ஒவ்வொண்ணா."

ஹால்தார் சார் ஜன்னல் பக்கமிருந்து திரும்பினார். சொல்லாமல் இருக்க வழியில்லை. மாற்றிச் சொல்லியிருக்கலாம், அந்த அறையில் தமிழ் படிக்கத் தெரிந்த இன்னொரு ஆள் டும்பா மட்டும்தான். ஆனால் அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாகப் பெங்காலியில் சொன்னேன்.

'என் பெயர் அபர்ணா.

எனக்குக் கணக்கும் தமிழும் பிடிக்கும்.

திருப்பூரில் ஜன்னல் ஓர பெஞ்சு என்னுடையது.

திங்கட்கிழமை ஒரு மிஸ் வீட்டுக்கு வந்து, எனக்குப் படிக்கப் பிடிக்குமா என்று அம்மாவிடம் கேட்டார்கள்.

நான் பக்கத்தில்தான் இருந்தேன்.'

"எந்த மிஸ்?" என்றார் பொர்தி. "எங்க ஸ்கூல்லேர்ந்து யாரும் போகலையே."

"நான்தான்," என்றேன்.

வராந்தாவில் சாப்பாட்டு வரிசைக்குத் தட்டுகள் சத்தம் போட்டன. ஹால்தார் சார், "எவ்வளவு மதிப்பெண்?" என்று கேட்டார்.

"ஐந்துக்கு ஐந்து சார்."

பொர்தி அலமாரியைத் திறந்து தடிமனான பதிவேட்டை எடுத்தார். பேனாவை உதறினார். அபர்ணா மண்டல், ஐந்தாம் வகுப்பு. பெங்காலி எழுத்துக்குத் தினம் ஒரு மணி நேரம் தானே உட்காருவதாகச் சொன்னார். கதவோரத்தில் டும்பாவின் அம்மா போனைக் காதில் வைத்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, நாத்தனாரிடம், "நாளைக்கு வராதே. இல்ல, அவ வரமாட்டா. ஸ்கூல் இருக்கு," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசி இரண்டு சொல்லைத் தேவைக்கு அதிகமாகவே சத்தமாகச் சொன்னாள்.

"திங்கட்கிழமையிலேர்ந்து வருவியா?" என்று பொர்தி டும்பாவைக் கேட்டார்.

அம்மா போனை இறக்கிவிட்டு, "வருவா, வருவா," என்று ஆரம்பித்தாள். நான் கையை நீட்டி அவளைத் தடுத்தேன். 

டும்பா எங்கள் நாலு பேரையும் பார்த்தாள். வராந்தாவைப் பார்த்தாள். பிறகு பொர்தியிடம் பெங்காலியில் கேட்டாள்.

"இன்னிக்கே வரக்கூடாதா?"